நிலத்தடித் தூணும் அறியும் கடமையும்

அறவியல் ஆராய்ச்சி பெரும்பாலும் மனிதனின் செயலைப் பொருளாகக் கொண்டே வளர்ந்து வந்துள்ளது. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, எது வாய்மை, எது பொய்ம்மை என்பனவே அதன் வழக்கமான வினாக்கள். இவற்றுக்கு முற்பட்டதொரு வினாவும் உண்டு. அறிதல் என்பதே ஒரு கடமையாகுமா? முயன்றால் அறியக்கூடிய ஒன்றை அறியாமலே விட்டுவிட்ட ஒருவன், பின்னர் "எனக்குத் தெரியாது" என உண்மையாகவே கூறும்போது, அவ்வுண்மை அவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்குமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கான எடுத்துக்காட்டு கட்டடப் பொறியியலிலிருந்து கொள்ளப்படுகிறது. உயர்ந்த கட்டடங்களைத் தாங்குவதற்காக நிலத்தினுள் இறக்கப்படும் கொங்கிறீற்றுத் தூண்களின் அடியில் அமுக்க உணரிகளைப் பதிக்கும் வழக்கமே அது. கலைப்பீடத்து மாணவன் ஒருவன் கொங்கிறீற்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கயிற்றையும் பாம்பையும், குடத்தையும் குயவனையும் கொண்டு மெய்யியல் பேசிய மரபு நம்முடையது. கைக்கெட்டிய பொருளைக் கொண்டு எட்டாத பொருளை விளக்குவதே அம்மரபின் வழி. கொங்கிறீற்றும் இன்று கைக்கெட்டிய பொருளே.

மேல்மண் உறுதியற்றதாயின், கட்டடத்தின் சுமையை ஆழத்திலுள்ள உறுதியான படைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கெனக் கட்டடத் துறையினர் 'பைல்' என வழங்கும் அத்திவாரத் தூண்கள் பயன்படுகின்றன. சிலவற்றை முன்னரே வார்த்தெடுத்து, இயந்திரத்தால் அறைந்து நிலத்தினுள் இறக்குவர். வேறு சிலவற்றுக்கு நிலத்தைத் துளைத்து, உருக்குக் கம்பிக்கூட்டை உள்ளே இறக்கி, அதன்மேல் கொங்கிறீற்றை ஊற்றுவர். இவ்வாறு துளைத்து வார்க்கப்படும் தூணே ஈண்டு நமக்கு முக்கியமானது. அது சுமையை இரு வழிகளில் தாங்குகிறது. ஒன்று, தூணின் பக்கத்துக்கும் அதனைச் சூழ்ந்த மண்ணுக்கும் இடையிலான உராய்வு. மற்றது, தூணின் அடி தான் ஊன்றியுள்ள படையிலிருந்து பெறும் தாங்குதல். மேலே நின்று பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றே. எவ்வளவு சுமை பக்கத்தால் ஏற்கப்பட்டது, எவ்வளவு அடியைச் சென்றடைந்தது என்பதைத் தலையில் நின்று அறிய இயலாது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் முயற்சிகளுள், விற்றேக்கர், குக் ஆகிய இருவரும் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இலண்டன் நகரின் களிமண்ணில் வார்க்கப்பட்ட பெருந்தூண்களின் அடியில் சுமையளக்கும் கருவிகளை வைத்து அவர்கள் சோதனை நடத்தினர். பக்க உராய்வானது, தூண் சிறிதளவு கீழிறங்கியதுமே முழுமை பெற்றுவிடுகிறது. அவ்விறக்கம் தூணின் விட்டத்தில் நூற்றிலொரு பங்குதானும் இராது. அடியின் தாங்குதிறனோ, விட்டத்தில் பத்திலொரு பங்குக்குக் குறையாத இறக்கம் நிகழ்ந்தாலன்றி முழுமை பெறுவதில்லை. ஒரு மீற்றர் விட்டமுள்ள தூணில் முன்னையது சில மில்லிமீற்றர். பின்னையது 100 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆகும்.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இத்தகைய களிமண் நிலத்தில், நாளாந்தச் சுமையின் பெரும்பகுதியைப் பக்கமே தாங்கிக்கொள்ள, அடி ஏறக்குறைய ஓய்ந்தே இருக்கிறது. பக்கத்தின் தாங்குதிறன் போதாமற் போகும்போதுதான் அடி தன் முழுப் பங்கையும் செலுத்த அழைக்கப்படுகிறது. துளையின் அடியிற் படிந்த சேறு அகற்றப்படாமலே கொங்கிறீற்று ஊற்றப்பட்டிருப்பினும், அக்குறை பல்லாண்டுகள் வெளிப்படாது போகலாம். கட்டடம் அசையாது நிற்கும். மக்கள் குடிபுகுவர், பிள்ளைகள் பிறந்து வளர்வர். அந்த அமைதியை அத்திவாரத்தின் உறுதிக்குச் சான்றாக எல்லோரும் கொள்வர். ஆனால் அந்த அமைதி காட்டுவது ஒன்றைத்தான்: அடிக்குச் சோதனை இன்னும் வரவில்லை என்பதையே அது காட்டுகிறது.

இனி உணரியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். விளிம்புகள் ஒட்டப்பட்ட இரு மெல்லிய உருக்குத் தகடுகளுக்கிடையே எண்ணெய் நிரப்பப்பட்டிருக்கும். தகட்டின்மீது விழும் அமுக்கத்தை எண்ணெய் கடத்திச் சென்று, இழுத்துக் கட்டப்பட்ட கம்பியொன்றோடு இணைந்த மென்தகட்டிற் சேர்க்கும். மின்காந்தத்தாற் சுண்டப்படும்போது கம்பி அதிரும். அமுக்கம் மாற இழுவிசை மாறும். இழுவிசை மாற அதிர்வெண் மாறும். வீணையின் தந்தியை முறுக்கச் சுருதி மாறுவதை ஒத்தது இது. கம்பிக்கூட்டின் அடியில் இக்கருவியைப் பொருத்தி, அதன் வடத்தைக் கூட்டின் வழியே மேலே கொணர்ந்தபின் கொங்கிறீற்றை ஊற்றுவர். ஊற்றிய பின்னர் கருவியை வெளியே எடுக்கவோ திருத்தவோ இயலாது. சுமை ஏறுமுன் எடுக்கப்பட்ட முதல் அளவே என்றைக்கும் அதன் பூச்சியமாகும். கருவி மண்ணிலும் விறைப்பானதாயின் தன்மீது கூடுதலான அமுக்கத்தை இழுத்துக்கொள்ளும். இளகியதாயின் உள்ளதிலும் குறைவாகக் காட்டும். ஆகவே பொறியியலாளர் ஒரு கருவியை மாத்திரம் நம்புவதில்லை. அடியிற் பல கருவிகளை வைப்பதோடு, தூணின் நெடுகிலும் வேறு அளவுகருவிகளைப் பொருத்தி, தலையில் ஏறிய சுமை, பக்கம் தாங்கியதும் அடியை அடைந்ததும் சேர்ந்த தொகைக்குச் சமனாகின்றதா எனக் கணக்குப் பார்ப்பர்.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் அளவையிலேயே தொடங்குகிறது. பொருளைப் பேசுமுன் பொருளை அறியும் வழியைப் பேசுவது அந்நூலின் முறை. அளவைகள் பலவெனக் கூறுவோர் உளராயினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவை யாவும் அடங்கும் என்பது அதன் முடிபு. உரை என்பது சித்தாந்தத்தில் சிறப்பாக ஆகமத்தைச் சுட்டும். ஈண்டு நம்பத்தக்கோர் வாக்கு என்ற பொதுப்பொருளில் அது கொள்ளப்படுகிறது. தூணின் அடியைப் பொறுத்தவரையில் காண்டலுக்கு இடமில்லை. எஞ்சுவன கருதலும் உரையுமே. அங்குமிங்கும் துளைத்தெடுத்த மண்மாதிரிகளைக் கொண்டு அடியின் நிலையைக் கருதுவர். வேலை செய்தோர் எழுதிவைத்த ஏட்டை உரையாகக் கொள்வர். உணரியின் அளவு இவற்றுள் எதனைச் சாரும்? காண்டல் போல் தோன்றினும் அதுவும் கருதலே. அதிர்வெண் புகை, அமுக்கம் நெருப்பு. எனினும் கருதலுக்குள்ளும் தரவேறுபாடு உண்டு. பக்கத்து நிலத்தின் மண்ணைக் கொண்டு ஒரு தூணின் அடியைக் கருதுவது வேறு. அந்த அடியிலிருந்தே எழுகின்ற ஏதுவைக் கொண்டு கருதுவது வேறு. தொலைவிலிருந்த ஏதுவை அருகிற் கொணர்வதே உணரி செய்யும் பணி.

அறியும் வழி இவ்வாறாக, அறியும் கடமை பற்றிய வினாவுக்கு வருவோம். 1877 ஆம் ஆண்டில் டபிள்யூ. கே. கிளிபேட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர், நம்பிக்கையின் அறவியல் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பற் சொந்தக்காரனைப் படைத்துக் காட்டினார். அவனுடைய கப்பல் பழையது. அது கடற்பயணத்துக்குத் தகுதியானதா என்ற ஐயம் அவன் மனத்தில் எழுகிறது. பழுதுபார்ப்பதாயின் பெருஞ்செலவாகும். இத்தனை பயணங்களைத் தாங்கிய கப்பல் இதனையும் தாங்கும் எனத் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான்; நாளடைவில் அதனை உளமார நம்பியும் விடுகிறான். குடிபெயர்ந்து செல்லும் மக்களை ஏற்றிய கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். ஆனால் தன்னிடமிருந்த சான்றைக் கொண்டு அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்பது கிளிபேட்டின் தீர்ப்பு. கப்பல் மூழ்காது கரை சேர்ந்திருப்பினும் அவனது குற்றம் குறையாது எனவும் அவர் கூறினார்.

"இதுவரை நின்றது, இனியும் நிற்கும்" என்பதே கப்பற்காரனின் வாதம். அத்திவாரத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் எவ்வளவு வலுவற்றது என்பதை மேலே கண்டோம். அடியின் குறை நாளாந்தச் சுமையில் வெளிப்படாது ஒளிந்திருக்கக் கூடியதாகையால், இதுவரை நின்றமை அடியைப் பற்றி எதனையும் சொல்வதில்லை.

உரையை மாத்திரம் நம்பியதன் விளைவுக்கு ஹொங்கொங்கில் நிகழ்ந்ததொரு சம்பவம் சான்றாகும். ஷா டின் பகுதியில், அரச வீட்டுடைமைத் திட்டத்தின்கீழ் எழுந்த 34 மாடித் தொடர்மாடிகள் இரண்டு சமனற்று அமிழ்கின்றன என்பது 1999 ஆம் ஆண்டின் இறுதியளவில் தெரியவந்தது. தூண்களைத் துளைத்துச் சோதித்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை உரிய ஆழத்தை எட்டவில்லை என்பதும், சில 15 மீற்றர் வரை குறைவானவை என்பதும் வெளிப்பட்டன. ஏடுகளிலோ எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மக்கள் குடிபுகுமுன்னரே உண்மை வெளிப்பட்டமையால் உயிர்கள் தப்பின. இரு கட்டடங்களையும் இடிப்பதென 2000 ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. வீடமைப்பு அதிகாரசபையின் தலைவர் பதவி துறந்தார். மோசடியில் ஈடுபட்டோர் சிலர் சிறைத்தண்டனை பெற்றனர்.

தூணைக் குறுக்கியவனின் குற்றத்தைத் தீர்மானிப்பதில் அறவியலுக்கு இடர்ப்பாடு எதுவுமில்லை, அவன் ஏமாற்றினான். இடர்ப்பாடு எழுவது, இத்தகைய ஏடுகளை நம்பிக் கையொப்பமிடும் மனிதனைப் பற்றிய தீர்ப்பிலேயே. அவன் ஏமாற்றவில்லை. தெரியாது என்று அவன் கூறுவதும் பொய்யன்று. ஆனால் தூணின் அடி எவருடைய கண்ணுக்கும் எட்டாத இடம் என்பதை அவன் அறிவான். குறைத்து ஊன்றினால் செலவு மிஞ்சும் என்பதையும் அறிவான். பொய்க்கு இத்தனை வாய்ப்புள்ள இடத்தில் ஒருவரின் உரையை மட்டும் சான்றாகக் கொள்வது நம்பிக்கையன்று, தேடாமையே ஆகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லாத் தூண்களின் அடியிலும் கருவி வைக்க வேண்டுமா? அவ்வாறாயின் வறிய நாடுகளில் எவரும் கட்டடம் எழுப்ப முடியாதே! அறியக்கூடியவை எண்ணற்றவை, அனைத்தையும் அறிந்த பின்னரே செயற்படுவதெனில் எச்செயலும் தொடங்காது. இத்தடை நியாயமானது. பொறியியலாளரும் இதனை உணர்ந்தே பாதுகாப்புக் காரணி என்ற ஒன்றை வைத்துள்ளனர். தூண் தாங்கும் எனக் கணித்த அளவில் பாதியையோ மூன்றிலொரு பங்கையோ மாத்திரமே அதன்மேல் ஏற்றுவது பொதுவழக்கு. மண்ணைப் பற்றித் தாம் முற்றாக அறியார் என்பதை எண்ணால் ஒப்புக்கொள்ளும் நேர்மையான முறை அது. ஆகவே அளக்காமை தன்னளவில் குற்றமன்று. எவ்விடத்தில் அது குற்றமாகத் தொடங்குகிறது என்பதே நாம் தேடவேண்டியது.

அவ்விடத்தைக் காண்பதற்கு, அறியாமையின் ஆதாயம் யாரைச் சேர்கிறது, அதன் கேடு யார் தலையில் விழுகிறது என்று கேட்பதே தக்க வழி எனத் தோன்றுகிறது. தன் காணியில் தன் கையால் குடிசை கட்டி அதிற் குடியிருப்பவன், அத்திவாரத்தை ஆராயாது விடுவானாயின் அதனை அறிவின்மை எனலாம். அநீதி எனல் பொருந்தாது. மிச்சப்படுத்திய செலவும் அவனுடையது, இடிந்தால் வரும் இழப்பும் அவனுடையது. தொடர்மாடியில் நிலைமை அவ்வாறன்று. ஆராயாமையால் மிஞ்சிய பணம் ஒருவன் கையில் இருக்கிறது. ஆராயாமையால் வந்த ஆபத்தோ வேறொருவன் குடும்பத்தின் கீழே இருக்கிறது. அந்த இரண்டாமவன் தூணை வார்க்கும்போது அங்கு நின்றவனல்லன். அவனது சம்மதம் கேட்கப்பட்டதுமில்லை. இன்று அவன் ஐயுற்றாலும் தன் வீட்டின் அடியைத் தோண்டிப் பார்க்க அவனால் இயலாது. கேடு பிறரைச் சாரும் என்பது, அப்பிறர் தாமாக அறிய இயலாதவர் என்பது, அறிவதற்கு நியாயமான செலவில் வழி உண்டு என்பது ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுமிடத்தில் அறிதல் விருப்பமாக இராது கடமையாகி விடுகிறது. பத்து மாடிக்கு ஒன்றிரண்டு சோதனைத் தூண்கள் போதுமா, ஐம்பது மாடிக்கு எத்தனை வேண்டும் என்பவை பொறியியலாளர் தீர்மானிக்க வேண்டியவை. கடமை உண்டா இல்லையா என்பது அவர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று.

இதற்கு எதிரானதொரு போக்கும் உலகில் நிலவுகிறது. அறிந்தவனே பொறுப்பாளி என்று கருதும் சமுதாயத்தில் அறியாதிருப்பது இலாபகரமான தொழிலாகிவிடுகிறது. அடியிற் கருவி வைத்தால் அது அளவு காட்டும், அளவு பதிவாகும், பதிவு ஒருநாள் நீதிமன்றத்திற் சாட்சியாகும், ஆகவே வைக்காதிருப்பதே நன்று என உலகியல் அறிந்தோர் ஆலோசனை கூறலாம். இந்த ஆலோசனையை ஏற்போமாயின், கண்ணைத் திறந்து வைத்திருந்தவனைத் தண்டித்து, மூடிக்கொண்டவனை விடுவித்தவர்களாவோம். இதனாலேயே கவனயீனத்தை விசாரிக்கும் சட்டம், ஒருவன் எதை அறிந்திருந்தான் என்பதோடு நில்லாமல், நியாயமான மனிதனாக எதை அறிந்திருக்க வேண்டும் என்பதையும் கேட்கிறது. அறவியல் அதனினும் குறைவாகக் கேட்க முடியாது.

கருவியைப் பதித்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா? அமெரிக்க மண்பொறியியலாளரான ரல்ப் பெக் 1969 ஆம் ஆண்டில் நிகழ்த்திய ரான்கின் பேருரை இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. அளந்து பார்த்து அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்திச் செல்லும் அவதானிப்பு முறையின் நன்மைகளையும் எல்லைகளையும் அவர் அதில் வரையறுத்தார். எதிர்பார்த்ததற்கு மாறான அளவு கிடைப்பின் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும் என்பதும், கட்டும்போது திட்டத்தை மாற்ற இயலாதாயின் அம்முறையைக் கையாளலாகாது என்பதும் அவர் விதித்த நிபந்தனைகளுட் சில. பொறியியல் விதியாகக் கூறப்பட்ட இதில் ஓர் அறநெறியும் அடங்கியுள்ளது. கிடைக்கும் விடைக்குக் கட்டுப்பட ஆயத்தமில்லாதவன் வினாவைக் கேட்டவனாக மாட்டான். பூட்டிய பெட்டிக்குள் வடத்தின் நுனி கிடக்க, அதனை எவரும் வாசியாது விடின், அக்கருவி ஒரு சடங்குப் பொருளே.

இவ்விரு நிலைகளையும் சான் பிரான்சிஸ்கோ நகரின் மிலேனியம் கோபுரத்தில் ஒருங்கே காணலாம். அங்கு முக்கியமாக அளக்கப்பட்டது தூணடியின் அமுக்கமன்று, கட்டடத்தின் அமிழ்வு. ஆயினும் நமது வினாவுக்கு அவ்வேறுபாடு தடையாகாது. 58 மாடிகளைக் கொண்ட அக்கோபுரம் 2009 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் தூண்கள் அடிப்பாறையை எட்டாது, அதற்கு மேலுள்ள அடர்ந்த மணற்படையில் ஊன்றியவை. அது ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் அமிழ்ந்து ஒருபுறம் சாய்ந்துள்ளது என்ற செய்தி 2016 ஆம் ஆண்டிலேயே பொதுமக்களை எட்டியது. அமிழ்வு முன்னரே அறியப்பட்டிருந்தும் தமக்குக் கூறப்படவில்லை என வீட்டுரிமையாளர் வழக்காடினர். 2020 ஆம் ஆண்டில் வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. பின்னர் அடிப்பாறை வரை 52 புதிய தூண்களை இறக்கித் திருத்தும் பணி தொடங்கிற்று. பணி நடைபெறுகையிலேயே கட்டடம் மேலும் அமிழ்வதை அளவீடுகள் காட்டின. 2021 ஆம் ஆண்டில் வேலை நிறுத்தப்பட்டது. திட்டம் மாற்றப்பட்டு, தூண்களின் தொகை 18 ஆகக் குறைக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் பணி நிறைவெய்தியது. அளவைக் கேட்டு வேலையை நிறுத்துவது இழிவன்று. பெக் வற்புறுத்திய ஆயத்தம் செயலில் எவ்வாறிருக்கும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

அறிந்ததை உரியோருக்குச் சொல்லாதிருப்பதற்குக் கருணையையும் காரணமாகக் காட்டுவதுண்டு. வெளியிட்டால் அச்சம் பரவும், வீட்டின் விலை விழும், அமைதியாக வாழ்வோரின் உறக்கம் கெடும் என்பர். உறக்கம் கெடும் என்பது உண்மையே. ஆனால் இருப்பதா வெளியேறுவதா என்று முடிவு செய்யும் உரிமை அங்கு உறங்குபவனுக்கே உரியது. அவன் பொருட்டு மௌனம் காப்பதாகச் சொல்பவன், அவனைக் கேளாமல் அவனது முடிவைத் தான் எடுத்துவிடுகிறான்.

கருவியே திரையாக மாறும் ஆபத்தையும் மறத்தலாகாது. நூறு தூண்களுள் நான்கில் உணரி வைக்கப்படுகிறது எனக் கொள்வோம். அந்த நான்கு எவை என்பது வேலை செய்வோர் அனைவருக்கும் தெரியும். அவற்றின் அடி கவனமாகத் துப்புரவு செய்யப்படும். மேற்பார்வையாளர் அருகே நிற்பார். அந்நான்கும் நல்ல அளவுகளைத் தரும். எஞ்சிய தொண்ணூற்றாறும் அவற்றைப் போன்றவை எனக் கருதுவதற்கான நீங்காத் தொடர்பு அங்கு இல்லை. அறிவைத் தேடுவதற்கென வந்த கருவி, அறியாமைக்கு நற்சான்றிதழ் வழங்கும் கருவியாகிவிடும். ஆகவே எங்கே அளப்பது என்பதைத் தீர்மானிப்பவரும், அளப்பதை வாசிப்பவரும், அளவின் நன்மை தீமையால் ஆதாயம் பெறாதவராயிருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். "எனக்குத் தெரியாது" என்ற கூற்று உண்மையாயிருத்தல் மட்டும் ஒருவனை விடுவிக்கப் போதாது. தெரிந்துகொள்ள வழி இருந்ததா, தெரியாமையால் யார் ஆதாயம் பெற்றார், யார் அதனைச் சுமந்தார் என்ற வினாக்கள் அதன்பின் கேட்கப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் நம்மிற் பலர் நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஏடுகளுக்குக் கையொப்பமிடுவோம். அவை தூண்களின் ஏடுகளாக இரா. மாணவர் புள்ளிகளாகவும், மருந்துக் கணக்குகளாகவும், காணிப் பத்திரங்களாகவும் இருக்கும். அவற்றின் அடியில் இருப்பதை நாம் நேரிற் காணமாட்டோம். அவற்றின்மேல் குடியிருப்போரும் காணமாட்டார். அவர்கள் காண இயலாதவர்கள் என்ற ஒரு காரணமே, கையொப்பமிடுமுன் நாம் தேடிப் பார்ப்பதற்குப் போதுமானது.